தறி இனாம், துணி நெய்தால் காசு!

ஒரு முதலாளி வந்து சொல்கிறார்: "தம்பி, இந்தத் தறியை இனாமாக எடுத்துக்கொள். இஷ்டம்போல் நெய்து பழகு. ஆனால் நெய்ததில் ஒரு முழம் சந்தைக்குப் போனாலும் தறியின் முழு விலையையும் எண்ணி வைக்க வேண்டும்!" இவரைத் தர்மவான் என்போமா?

தகவல் தள மென்பொருள் விற்கும் பெரிய கம்பெனிகள் இப்படித்தான் தர்மம் செய்கின்றன. நமக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று நினைக்க வேண்டாம், தோழர்களே. மில் வாசலில் விரலை வைத்து ஆஜர் பதிகிறோம். ரேஷன் கடையில் கார்டைக் காட்டுகிறோம். முன்பு பேரேட்டில் இருந்த கணக்கெல்லாம் இன்று கம்ப்யூட்டருக்குள் போய்விட்டது. அந்தப் பேரேட்டைக் காத்து, கேட்டவருக்குக் கேட்ட பக்கத்தைப் புரட்டிக் காட்டுவதுதான் தகவல் தள மென்பொருளின் வேலை. ஒரே சமயத்தில் எத்தனை பேர் அதைத் திறந்து வைத்திருக்கலாம் என்பதே இணைப்புக் கணக்கு.

மைக்ரோசாப்ட் கம்பெனியின் எஸ்.க்யூ.எல். சர்வரை எடுத்துக்கொள்வோம். இதன் 'டெவலப்பர்' பதிப்பை 2016 முதல் காசில்லாமல் கொடுக்கிறார்கள். உயர்ந்த விலைக்கு விற்கும் 'என்டர்பிரைஸ்' பதிப்பின் வசதிகள் அத்தனையும் அதில் உண்டு. ஆனால் ஷரத்து என்ன? புரோகிராம் எழுதலாம், சோதித்துப் பார்க்கலாம். நிஜ வேலையில் ஈடுபடுத்தக் கூடாது. ஈடுபடுத்த வேண்டுமானால்? 2022 என்டர்பிரைஸ் பதிப்பின் பட்டியல் விலை, கம்ப்யூட்டர் மூளையின் இரண்டு 'கோர்'களுக்கு 15,123 டாலர். குறைந்தது நான்கு கோர்களுக்கு வாங்கியாக வேண்டும். ஆக, 30,000 டாலருக்கு மேல்! வசதி குறைந்த மலிவுப் பதிப்பும் இருக்கிறது, அதற்கும் காசுதான்.

இதைவிட விசித்திரம் ஒன்று. மில் என்ஜினில் 'கவர்னர்' இருந்ததை மூத்த தொழிலாளர்கள் அறிவார்கள். வேகம் மிஞ்சி யந்திரம் சேதமாகாமல் காப்பது அது. எம்.எஸ்.டி.இ. 2000 என்ற இனாம் பதிப்பிலும் மைக்ரோசாப்ட் ஒரு கவர்னரை வைத்தது. ஒரே சமயத்தில் எட்டு வேலைகளுக்கு மேல் வந்துவிட்டால், தகவலைப் படிக்கவோ எழுதவோ கேட்கும் ஒவ்வொரு முறையும் சில மில்லி செகண்டு நிறுத்தி வைக்கும். கேட்பவர்கள் பெருகப் பெருக எல்லாருக்கும் வேலை இழுபடும். சலித்துப்போனவன் காசுப் பதிப்பைத் தேடி ஓட வேண்டியதுதான். 2005 எக்ஸ்பிரஸ் பதிப்பில் அந்தக் கவர்னரை எடுத்துவிட்டு வேறு வேலி போட்டார்கள்: ஒரே பிராசஸர், 1 ஜி.பி. நினைவகம், 4 ஜி.பி. தகவல். ஆரக்கிள் 2023-இல் விட்ட இனாம் பதிப்பிலும் இதே மாதிரி வேலி உண்டு: 2 ஜி.பி. நினைவகம், 12 ஜி.பி. தகவல்.

மென்பொருள் எழுதியவனுக்குக் கூலி வேண்டாமா என்று கேட்கலாம். கட்டாயம் வேண்டும், அவனும் உழைப்பாளிதான். ஆனால் ஓடுகிற யந்திரத்தை நொண்ட வைப்பதற்கென்றே அந்த உழைப்பாளியைக் கொண்டு தனியாக வேலை வாங்கியிருக்கிறார்களே! மட்டமான சரக்குக்குக் கூடுதல் உழைப்பு! அப்படியானால் நாம் கொடுக்கும் விலை சரக்குக்கா, பூட்டைத் திறந்துவிடுவதற்கா?

நம் பிள்ளைகள் இனாம் பதிப்பில் பழகுகிறார்கள். கை பழகிய பிறகு, வேலை கொடுப்பவனிடமும் அதையே வாங்கச் சொல்கிறார்கள். பேரேடு முழுவதும் அந்தக் கம்பெனியின் பாஷையில் எழுதியான பிறகு, இடம் மாறுவது லேசல்ல.

வேறு வழியே இல்லையா? இருக்கிறது. அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் 1986-இல் தொடங்கிய வேலையிலிருந்து வளர்ந்தது போஸ்ட்கிரஸ்க்யூஎல். அதற்கு லைசென்ஸ் கட்டணம் கிடையாது. பழகவும் வேலை செய்யவும் ஒரே பதிப்புதான். அதிலும் இணைப்புக்கு வரம்பு உண்டு, சாதாரணமாக 100. ஏனென்றால் ஒவ்வொரு இணைப்பும் நினைவகத்தைத் தின்கிறது. நம் கம்ப்யூட்டர் தாங்குமானால் அமைப்புக் கோப்பில் ஒரு வரியை மாற்றி, மறுபடி ஓடவிட்டால் போதும். ஏரியில் உள்ள தண்ணீரைப் பார்த்து ஊரார் மதகைத் திறப்பதற்கும், பண்ணையார் மதகுக்குப் பூட்டுப் போடுவதற்கும் உள்ள வித்தியாசம் இது. பராமரிக்க ஆள் வேண்டும், அவருக்குச் சம்பளம் வேண்டும் என்பது வாஸ்தவம். அந்தப் பணம் உழைத்தவர் கைக்குப் போகிறது.

திறந்த மூல மென்பொருளுக்கே முதலிடம் என்று இந்திய சர்க்கார் 2015-இல் கொள்கை வகுத்தது. பால் சங்கமானாலும் பஞ்சாயத்தானாலும் தொழிற்சங்கமானாலும், கம்ப்யூட்டர் பேரேடு போட வருகிறவரிடம் மூன்று கேள்விகளைக் கேட்க வேண்டும். நிஜ வேலைக்கு வைக்கும் நாளில் என்ன விலை? ஆட்கள் கூடினால் விலை கூடுமா? நாளைக்கு வேண்டாமென்றால் எங்கள் கணக்கை முழுதாக எடுத்துக்கொண்டு போகலாமா? பதிலைத் தமிழில் எழுதி வாங்கிக்கொண்டு பிறகு கையெழுத்துப் போடுங்கள்.