பேய் வராத படம்

பழைய படம் ஒன்றைப் பற்றி “அந்தக் காலத்துக்கு ஓகே” என்று சொல்பவர்களோடு எனக்கு ஒத்துவராது. பாராட்டுவது போல இருக்கும். உண்மையில் அந்தப் படத்துக்கும் நமக்கும் சம்பந்தமில்லை என்று கைகழுவும் வாக்கியம் அது.

போன வருடம் பாட்டியின் கருமாதிக்காகச் செஞ்சியில் இருந்தேன். வீடு நிறைய சொந்தக்காரர்கள். ராத்திரி மொட்டைமாடியில் சித்தப்பா, அத்தை பிள்ளைகளோடு லேப்டாப்பில் எஸ். பாலசந்தரின் ‘நடு இரவில்’ போட்டேன். எதிரே ராஜகிரி கருப்பாக நின்றது. அறுபதுகளில் எடுக்கப்பட்டு, வாங்க ஆளில்லாமல் கிடந்து, 1970இல் வெளியான கருப்பு வெள்ளைப் படம். ஆரம்பத்தில் ஒரே சிரிப்பு. “அண்ணா, பேய் எப்ப வரும்?”

வராது. அதுதான் விஷயமே.

ஒரு தீவு, ஒரு பங்களா. பணக்காரராக மேஜர் சுந்தரராஜன், மனநலம் குலைந்த அவர் மனைவியாகப் பண்டரிபாய். அவருக்கு ரத்தப் புற்றுநோய், நாட்கள் குறைவு என்கிறார் டாக்டர். உறவினர்கள் வந்து சேர்கிறார்கள். ஒவ்வொருவராகச் சாகிறார்கள். அகதா கிறிஸ்டியின் ‘அண்ட் தென் தேர் வேர் நன்’ நாவலின் சாயல்தான். ஆனால் கிறிஸ்டியின் தீவில் கூடுபவர்கள் பெரும்பாலும் அந்நியர்கள். பாலசந்தர் அங்கே சொந்தக்காரர்களைக் கொண்டுவந்து உட்காரவைத்தார். நம்ம ஊர் பயம் எங்கே இருக்கிறது என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

“இது கொலை மர்மப் படம், ஹாரர் இல்லையே” என்பீர்கள். சரி, ஜார்ஜ் ரொமேரோவின் ‘நைட் ஆஃப் தி லிவிங் டெட்’ ஹாரர்தானே? 1968, கருப்பு வெள்ளை, சுமார் 1,14,000 டாலர் செலவு. அதிலும் ஒரே பண்ணை வீடு. வெளியே பிணங்கள் மெதுவாகத்தான் நடக்கின்றன. உள்ளே இருப்பவர்களோ நிலவறையில் ஒளிவதா, மேலே நின்று சமாளிப்பதா என்று சண்டை போட்டே அழிகிறார்கள். கையில் காசு இல்லாதவன் கேமராவை முகங்களுக்குப் பக்கத்தில் கொண்டுபோகிறான். பயம் அங்கேதான் இருக்கிறது.

இன்றைய நம் பேய்ப் படங்களைப் பாருங்கள். பேய்க்கு ஒரு ஃபிளாஷ்பேக், அதில் ஒரு வில்லன். க்ளைமாக்ஸில் அவன் செத்தால் வீடு சுத்தம். நான் மென்பொருள் எழுதிப் பிழைப்பவன். எங்கள் தொழிலில் சர்வர் விழுந்தால் பழிபோட ஒரு பழைய மாட்யூல் எப்போதும் இருக்கும். அதைத் தூக்கிவிட்டு எல்லோரும் நிம்மதியாக வீட்டுக்குப் போவோம். நம் சினிமாவில் பேய்க்கும் அதே வேலைதான். குடும்பத்தை யாரும் சந்தேகப்பட வேண்டியதில்லை.

பாலசந்தர் அந்த வசதியை நமக்குத் தரவில்லை.

அன்றைக்குப் படம் பாதி ஓடியிருக்கும். கீழே திண்ணையில் பெரியவர்கள் பேசுவது மேலே கேட்டது. கிணற்று மேட்டு நிலம் யாருக்கு, பாட்டியின் தோடு யாரிடம் இருக்கிறது. குரல் ஏறிக்கொண்டே போனது. திரையிலும் சாகப்போகிறவரைச் சுற்றிச் சொந்தங்கள் உட்கார்ந்திருந்தன. எங்களில் யாரும் சிரிக்கவில்லை. தங்கை எட்டி சவுண்டைக் குறைத்தாள். எது நன்றாகக் கேட்க வேண்டும் என்று குறைத்தாளோ தெரியாது.

அந்தக் காலத்துக்கு ஓகேவாம். எந்தக் காலத்துக்கு?