தோட்டத்துப் பிள்ளைகள் எழுத்தாளரைக் காணட்டும்



ஜார்ஜ்டவுன் இலக்கிய விழாவில் பிலிப்பீன்ஸ் கவிஞர் ஒருவரைச் சந்தித்துத் திரும்பிய ஐந்தாம் படிவ மாணவி ஒருத்தி, அன்றிலிருந்து எழுதிக்கொண்டே இருக்கிறாள். கெடாவில் தோட்ட வேலை செய்த குடும்பத்துப் பெண் அவள். கவிஞர் அவளிடம் கார்லோஸ் புலோசானைப் பற்றிச் சொல்லியிருக்கிறார். 1930இல் அமெரிக்காவுக்குப் போய், பண்ணைகளில் கூலி வேலை செய்து, அந்த வாழ்க்கையையே கவிதையாகவும் உரைநடையாகவும் எழுதியவர் புலோசான்.

“நம் தோட்டத்து மக்களைப் பற்றி யார் எழுதியிருக்கிறார்கள், டீச்சர்?” என்று கேட்டாள். சீ. முத்துசாமியின் ‘மண்புழுக்கள்’ நாவலைக் கொடுத்தேன். 2017இல் கோயம்புத்தூரில் விஷ்ணுபுரம் விருது பெற்றவர் நம் கெடா எழுத்தாளர் என்பதே அவளுக்குத் தெரியாது. அவளைக் குறை சொல்ல மாட்டேன். நாம் சொல்லிக் கொடுக்கவில்லை. கடல் கடந்து வந்த கவிஞரைக் காண முடிந்த பிள்ளை, பக்கத்து ஊர் எழுத்தாளரைக் காணாமல் வளர்வது எனக்குப் பெரிய வருத்தம்.

சுங்கை பட்டாணி, கூலிம், பீடோங் வட்டாரத் தமிழ்ப்பள்ளிகளின் பெற்றோர் ஆசிரியர் சங்கங்களைக் கேட்டுக்கொள்கிறேன்: ஆண்டுக்கு ஒருமுறையாவது ஓர் எழுத்தாளரைப் பள்ளிக்கு அழையுங்கள். பிள்ளைகளைக் கேள்வி கேட்க விடுங்கள்.

இப்படிக்கு,
ஓர் ஆசிரியை,
சுங்கை பட்டாணி, கெடா.