புள்ளிப் பட்டியலை யாரும் பார்ப்பதில்லையா?

வீடியோ விளையாட்டுகளில் புள்ளிப் பட்டியல் என்பது வீண் அலங்காரம் என்று வாதிடுவோர் பலர். விளையாடுபவர்களில் பெரும்பாலானோர் அந்தப் பக்கத்தைத் திறப்பதேயில்லையாம். ஆகவே போட்டி என்பது ஒருசிலரின் வெறி மாத்திரமே என்று தீர்ப்பும் எழுதிவிடுகிறார்கள். இத்தீர்ப்பு தவறானது என்பதே எனது வாதம்.

எல்லோரும் போட்டியிடுகிறார்கள் என்று நான் கூறவில்லை. 1996இல் ரிச்சர்ட் பார்ட்டில் என்ற பிரித்தானியர், இணைய விளையாட்டுகளுக்கு வருவோரை நான்காக வகுத்தார்: சாதிக்க வருவோர், ஆராய வருவோர், உறவாட வருவோர், பிறரை வீழ்த்த வருவோர். இரண்டாமவருக்கும் மூன்றாமவருக்கும் பட்டியல் பொருட்டல்ல. ஆனால் ஏனையோர்?

வரலாற்றைப் பாருங்கள். 1978இல் ஜப்பானின் டைட்டோ நிறுவனம் வெளியிட்ட ஸ்பேஸ் இன்வேடர்ஸ், அதிகூடிய புள்ளியைத் திரையின் மேலே காட்டியது. 1979இல் வந்த அட்டாரியின் அஸ்டெரொய்ட்ஸ், மூன்று எழுத்துகளில் பெயர் பதிய இடமளித்தது. பரிசு இல்லை, பணமும் இல்லை. மின்சாரத்தைத் துண்டித்தால் அந்தப் பெயரும் அழிந்துவிடும். இருந்தும் அந்த மூன்று எழுத்துகளுக்காக நாணயத்துக்கு மேல் நாணயம் போட்டார்கள். ஏனெனில், அடுத்து அதே இயந்திரத்தின் முன்னால் வந்து நிற்பவன் அவர்களுக்குத் தெரிந்தவன்.

இணையம் வந்ததும் பட்டியல் உலகளாவியதாயிற்று. முகமறியாத இலட்சக்கணக்கானோர் மத்தியில் நான்கு இலட்சத்துச் சொச்சமாவது இடம் கிடைத்தால் யாருக்குத்தான் பெருமை? மனிதர் முகம் திருப்பிக்கொண்டது போட்டியிலிருந்து அல்ல, முகமற்ற போட்டியிலிருந்தே. 2008இல் வெளியான ஜியோமெட்ரி வோர்ஸ் விளையாட்டின் இரண்டாம் பதிப்பு, நண்பரின் புள்ளியை ஆட்டத்தின் நடுவிலேயே திரையின் மூலையில் காட்டியது. "இவனை முந்து" என்பதைவிட வேறென்ன தூண்டுதல் வேண்டும்?

இரண்டாவது காரணம் நம்பிக்கை. டிராக்ஸ்டர் என்ற கார்ப் பந்தய விளையாட்டை 5.51 வினாடிகளில் முடித்ததாக டொட் ரொஜர்ஸ் 1982இல் உரிமை கோரினார். சாதனைகளைப் பதியும் டுவின் கலக்சிஸ் அமைப்பும் அதை அங்கீகரித்திருந்தது. விளையாட்டின் நிரலையே பிரித்துப் பார்த்தவர்கள், 5.57 வினாடிக்குக் குறைய வழியில்லை என்று காட்டினார்கள். 2018 ஜனவரியில் அது பட்டியலிலிருந்து நீக்கப்பட்டது. அதே ஆண்டு ஏப்ரலில், டொங்கி கொங் விளையாட்டில் புகழ்பெற்ற பில்லி மிற்செலின் புள்ளிகளையும் அவ்வமைப்பு நீக்கியது. அவர் வழக்குத் தொடுத்தார். 2024 ஜனவரியில் இணக்கம் ஏற்பட்டு, அவை வரலாற்று ஆவணமாக மீண்டும் இடம்பெற்றன. யாருக்கும் அக்கறை இல்லாத ஒன்றுக்காக நிரலைப் பிரிப்பார்களா? நீதிமன்றப் படி ஏறுவார்களா?

செய்தித் தொழிலில் முடி நரைத்தவன் என்ற முறையில் ஒன்று கூறுவேன். உறுதிப்படுத்தப்படாத செய்தி எப்படி வதந்தியோ, உறுதிப்படுத்தப்படாத புள்ளியும் அப்படியே. மோசடிக்காரர் முதலிடத்தில் அமர்ந்திருக்கும் பட்டியலை வாசகன் புறக்கணிப்பது அக்கறையின்மையால் அல்ல, தன்மானத்தால்.

எனவே விளையாட்டுத் தயாரிப்பாளர்களே, சோம்பலுக்குச் சாக்குத் தேடாதீர்கள். பட்டியலைச் சுருக்குங்கள், நண்பர்களை அருகருகே நிறுத்துங்கள், களவு செய்வோரை வெளியேற்றுங்கள். அதன் பின்பும் எவரும் பார்க்கவில்லையென்றால், அப்போது வந்து சொல்லுங்கள், போட்டி செத்துவிட்டது என்று.