உக்கிய மரத்தில் ஒரு வியாபாரம்

சில வருடங்களுக்கு முன்னர் வியாபார விடயமாகத் தாய்லாந்து சென்று வந்த எனது மச்சான், வாப்பாவுக்கு ஒரு மரக் கிண்ணத்தை அன்பளிப்பாகக் கொண்டு வந்தார். புளிய மரத்தில் கடைந்த கிண்ணம். வெளிர் மஞ்சள் நிறத்தின் மேல், பேனையால் கீறியது போல மெல்லிய கறுப்புக் கோடுகள் வளைந்து வளைந்து ஓடியிருந்தன. மாவனல்லையில் நாற்பது வருடம் மரக்காலை நடத்திய வாப்பா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது உக்கின மரமல்லவா? இதையா காசு கொடுத்து வாங்கினீங்க?" என்று கேட்டார். மச்சான் விலையைச் சொன்னார். அந்தக் காசுக்கு அப்போது எங்கள் காலையில் ஒரு லேண்ட்மாஸ்டர் விறகு வாங்கலாம்.

அதே வாரத்தில்தான், மழையில் கிடந்து கோடு விழுந்த மாமரக் குற்றிகளை விறகு விலைக்கு ஒரு பேக்கரிக்கு ஏற்றி அனுப்பியிருந்தோம்.

நமது வியாபாரிகளுக்கு இது புதிய கதையல்ல. பேருவளைச் சீனன்கோட்டையிலுள்ள மாணிக்கக் கல் வியாபாரிகளைக் கேட்டுப் பாருங்கள். பால் நிறத்தில் மங்கிக் கிடக்கும் 'கெவுட' கல்லை ஒரு காலத்தில் இங்கே யாரும் மதிக்கவில்லை. 1970களில் தாய்லாந்து வியாபாரிகள் வந்து அதைக் குறைந்த விலைக்கு அள்ளிச் சென்றார்கள். கடும் வெப்பத்தில் சூடாக்கி, நீலக் கல்லாக உலகச் சந்தையில் விற்றார்கள். கல்லைச் சூடாக்கும் தொழிலை நம்மவர்கள் கைப்பற்றுவதற்குள் எவ்வளவோ செல்வம் கப்பலேறிவிட்டது. மரத்திலும் அதே தவறைச் செய்து கொண்டிருக்கிறோம் என்பதே எனது தாழ்மையான அபிப்பிராயம். ஆனால் இதில் கை வைக்க விரும்புபவர்களுக்கு ஓர் எச்சரிக்கையும் சொல்ல வேண்டியிருக்கிறது. அது எனது சொந்த நட்டத்தில் படித்த பாடம்.

கோடு எங்கிருந்து வருகிறது?

ஆங்கிலத்தில் இதனை 'ஸ்போல்டெட்' மரம் என்பார்கள். எங்கள் காலையில் 'கோடு விழுந்த மரம்' என்றே சொல்வோம். வெட்டிய குற்றி ஈரத்தோடு நிலத்தில் கிடக்கும்போது பங்கசுக்கள் அதற்குள் புகுந்து மரத்தைத் தின்னத் தொடங்குகின்றன. சில பங்கசுக்கள் மரத்தை வெளிறச் செய்யும். சில நீலமாகவோ சாம்பல் நிறமாகவோ சாயமேற்றும். ஒரு பங்கசு வளர்ந்து வரும் வழியில் இன்னொன்று குறுக்கிட்டால், காணிக்கு வேலி போடுவதைப் போல மெலனின் என்ற கறுப்புப் பொருளால் எல்லை போட்டுக் கொள்ளும். நாம் காணும் கறுப்புக் கோடு அந்த வேலிதான்.

இந்த அழகை மனிதன் கண்டுகொண்டது இன்று நேற்றல்ல. பங்கசினால் பச்சை நிறமேறிய மரத்தை 15ஆம் நூற்றாண்டிலேயே இத்தாலியில் மரப் பதிப்பு வேலைகளில் இலை, புல் ஆகியவற்றைக் காட்டப் பயன்படுத்தினார்கள். அமெரிக்காவில் மெல் லிண்ட்குவிஸ்ட், மார்க் லிண்ட்குவிஸ்ட் என்ற தந்தையும் மகனும் 1970களில் கோடு விழுந்த மரத்தில் கடைந்த கிண்ணங்களைக் கலைப் பொருளாக உயர்த்தினார்கள். ஹவாய் தீவுகளில் கோடு விழுந்த மாமரத்துக்குத் தனி மதிப்பு இருக்கிறது. தாய்லாந்திலிருந்தும் இந்தோனேசியாவிலிருந்தும் புளிய மரம் சிறு கட்டைகளாக வெட்டப்பட்டு, மெழுகு பூசி, வெளிநாட்டுக் கடைசல்காரர்களுக்கு ஏற்றுமதியாகின்றது.

மாமரம் நமது நாட்டில் எல்லா ஊரிலும் இருக்கிறது. புத்தளம், அநுராதபுரம், வவுனியாப் பக்கம் புளிய மரம் இருக்கிறது. எங்கள் கேகாலை மாவட்டத்தில் பழைய றப்பர் மரங்களை வெட்டி மீள்நடுகை செய்கிறார்கள். றப்பர் மரம் வெட்டிய சில நாட்களிலேயே நீலம் பாய்ந்துவிடும் என்பது மரக்காலைக்காரர் எல்லோருக்கும் தெரியும். பலா, ஈரப்பலா, பெண் பனை ஆகியவற்றுக்கு 1951ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் வெட்டும் அனுமதி தேவை என்பதை மறக்க வேண்டாம். எந்த மரமானாலும், ஏற்றுவதற்கு முன்னர் அனுமதிப்பத்திரம் தேவையா என்பதைப் பிரதேச செயலகத்தில் விசாரித்துக் கொள்வது நல்லது.

நான் செய்த பிழை

கிண்ணத்தைக் கண்ட ஆசையில் நானும் தொழிலில் இறங்கினேன். கேகாலைப் பக்கக் கிராமமொன்றில் வயதான சிங்களக் கடைசல்காரர் ஒருவர் இருந்தார். கட்டில் கால், படிக் கைப்பிடி கடைந்து பழகிய கை. நான் காட்டிய மரத்தைத் தொட்டுப் பார்த்த உடனேயே அவருக்கு விடயம் விளங்கிவிட்டது. பூச்சாடி, மூடியுள்ள சிமிழ், அத்தர்க் குப்பி வைக்கும் தாங்கி என்று சில சாமான்களைக் கடைந்து தந்தார். பின்னவலை யானைகளைப் பார்க்க வரும் உல்லாசப் பயணிகளை நம்பிக் கடை வைத்திருக்கும் நண்பர் ஒருவரிடம் கொடுத்தேன். ஒரு மாதத்தில் எல்லாம் விற்றுப் போயின.

அந்த வருடம் ஒக்டோபரில் கொழும்பு நிறுவனமொன்றிலிருந்து, புதுவருட அன்பளிப்புக்காக 150 பேனைத் தாங்கிகள் வேண்டுமென்று ஓடர் வந்தது. கடைசல்காரரிடம் ஓடினேன். "நாலு மாசமாவது வேணும் முதலாளி. மரம் இன்னும் ஈரம்" என்றார். டிசெம்பர் நடுப்பகுதிக்குள் வேண்டுமென்று நான் விடாப்பிடியாக நின்றேன். மூன்று மாத வேலையாவது கிடைக்கிறதே என்று அவரும் இரவு பகலாகக் கடைந்து தந்தார்.

சாமான்கள் குளிரூட்டப்பட்ட அலுவலகங்களுக்குள் போயின. பெப்ரவரியில் தொலைபேசி வந்தது. பல தாங்கிகள் வெடித்துவிட்டன. சிலவற்றின் அடி வளைந்து மேசையில் ஆடின. ஐந்தாறு தாங்கிகளில் ஊசித் துளைகள் விழுந்து மா போன்ற தூள் கொட்டியிருந்தது. உளு வண்டின் வேலை. எல்லாமாக 64 சாமான்கள் திரும்பி வந்தன. காசைத் திருப்பிக் கொடுத்தேன். அதுவரை நான் செய்தது சரி.

அதன் பின்னர் செய்ததுதான் இன்றும் மனதை உறுத்துகிறது. நட்டத்தில் பாதியைக் கடைசல்காரருக்குக் கொடுக்க வேண்டியிருந்த கூலியிலிருந்து கழித்தேன். அவர் வாக்குவாதம் செய்யவில்லை. காசை எண்ணிப் பார்க்காமலே சட்டைப் பையில் வைத்துக் கொண்டு போனார். அடுத்த மாதம் நான் போனபோது கடைசல் இயந்திரத்தின் மேல் சாக்குப் போட்டு மூடியிருந்தது. அவர் கட்டட வேலைக்குக் கையாளாகப் போயிருந்தார்.

மரம் ஈரம் என்று சொன்னவர் அவர். திகதி குறித்தவன் நான். அப்படியானால் நட்டம் யாருடையது? வியாபாரத்தில் முதல் போட்டவனுக்கே இலாபம் என்கிறோம். அவசரப்படுத்தியவனுக்கே நட்டம் என்பதையும் அதே வாயால் சொல்ல வேண்டாமா?

மரத்துக்குரிய காலம்

மூன்று மாதம் கழித்து அவரது வீட்டுக்குப் போய் மீதிக் கூலியைக் கொடுத்தேன். தேநீர் தந்தார். பேச்சுக்கிடையில் உள்ளே போய் இரண்டு கிண்ணங்களைக் கொண்டு வந்து வைத்தார். அடியில் பென்சிலால் திகதியும் நிறையும் வரிசையாக எழுதப்பட்டிருந்தன. முதல் திகதிக்கும் கடைசித் திகதிக்கும் இடையில் ஏழு மாதம். இரண்டிலும் ஒரு வெடிப்பும் இல்லை. அன்று அவரிடம் கற்றுக் கொண்டதை இங்கே சுருக்கமாகத் தருகிறேன்.

கோடு விழ வேண்டுமானால் குற்றியை நிழலில், ஈர மரத்தூளோடு, சாக்கால் மூடி வைக்க வேண்டும். நீரில் அமிழ்த்தினால் காற்றில்லாமல் பங்கசு வளராது. வெயிலில் போட்டால் காய்ந்து நின்றுவிடும். மாமரத்தில் எங்கள் அனுபவப்படி இரண்டு மூன்று மாதத்தில் கோடு தெரியத் தொடங்கும். இடையிடையே நுனியில் ஒரு சிறு துண்டு அரிந்து பார்க்க வேண்டும். நகத்தால் அழுத்தினால் பள்ளம் விழும் நிலைக்கு வந்துவிட்டால் அது விறகுதான். அழகுக்கும் உக்கலுக்கும் இடையில் இருப்பது சில வாரங்களே.

பின்னர் கிண்ணத்தைத் தடிப்பாக ஒரு தடவை கடைய வேண்டும். 10 அங்குல அகலக் கிண்ணமானால் சுவர் 1 அங்குலத் தடிப்பு. அதை மெழுகு பூசி, காற்றோட்டமுள்ள நிழலில் மாதக்கணக்கில் வைத்து, வாரமொரு முறை சமையலறைத் தராசில் நிறுத்துக் குறிக்க வேண்டும். நிறை குறைவது நின்ற பிறகே இரண்டாம் கடைசல். ஈரப்பதன் 20 வீதத்துக்குக் கீழே இறங்கினால் பங்கசு வேலை செய்யாது. உளு வண்டுக்குச் சூடுதான் மருந்து. ஏற்றுமதி மரப் பெட்டிகளுக்கான சர்வதேச விதி, மரத்தின் உட்பகுதி வரை 56 பாகை செல்சியஸ் சூடு 30 நிமிடம் நிற்க வேண்டும் என்கிறது. அதே அளவை அன்பளிப்புப் பொருட்களுக்கும் வைத்துக் கொள்ளலாம்.

இன்னுமொரு விடயம். இந்த மரத்தூள் சுவாசத்துக்குக் கெடுதி. ஆஸ்துமா உள்ளவரை இந்த வேலையில் இருத்தக் கூடாது. கடைபவருக்கு நல்ல முகமூடியும் முகத்துக்குக் கண்ணாடிக் காப்பும் வாங்கிக் கொடுப்பது முதலாளியின் கடமை.

கணக்கை ஒழுங்காகப் போடுவோம்

நமது அன்பளிப்புக் கடைகள் டசின் கணக்கிலேயே பழகியவை. ஒரே அச்சில் வார்த்த பிளாஸ்டிக் சாமானுக்கு அது பொருந்தும். இங்கே பொருந்தாது. ஓர் உதாரணம் பாருங்கள். ஒரு கட்டைக்கு மரம், கூலி, எல்லாம் சேர்த்து 1,000 ரூபா செலவென்று வைத்துக் கொள்வோம். 10 கட்டைக்கு 10,000 ரூபா. காயும்போது மூன்று வெடிக்கும். ஒன்று பஞ்சாகிவிடும். விற்கத்தக்கவை ஆறு. அப்படியானால் ஒன்றின் அடக்கவிலை 1,000 அல்ல, 1,667 ரூபா. இந்த 667 ரூபாவைக் கணக்கில் சேர்க்காதவர்தான் கடைசியில் கடைசல்காரரின் கூலியைக் கடிப்பார். நானும் அப்படித்தான் செய்தேன்.

கூலி, கடைந்த கட்டைக்கு. விற்ற சாமானுக்கல்ல. வீணாகிய நான்குக்கும் அவர் உழைத்திருக்கிறார். அந்தச் செலவை வாங்குபவரிடம் கேட்பதில் வெட்கமில்லை. கல் வியாபாரி ஒவ்வொரு கல்லையும் தனித்தனியே வெளிச்சத்தில் பார்த்து விலை குறிப்பதைப் போல, நாமும் ஒவ்வொரு கிண்ணத்தையும் தனியே தரம் பிரித்து விலையிட வேண்டும். ஒன்றைப் போல இன்னொன்று உலகில் இல்லை என்பதே இந்தச் சரக்கின் பெறுமதி.

மரம் என்ன, கோடு எப்படி வந்தது, மென்மையான இடத்தைப் பசை ஊற்றி இறுக்கியிருக்கிறதா என்பதையெல்லாம் ஒரு சிறு அட்டையில் எழுதி வைத்துவிட வேண்டும். உலர்ந்த பழம், சாவி, பேனை வைக்கலாம், கறி ஊற்றக் கூடாது என்றும் எழுத வேண்டும். குறையைச் சொல்லி விற்றால் வாடிக்கையாளர் ஓடிவிடுவார் என்று பயப்படுகிறோம். இந்தச் சரக்கில் அந்தக் குறைதான் கதை. வெளிநாட்டார் அந்த அட்டையையும் பத்திரமாகச் சுற்றிக் கொண்டு போவதை நான் கண்டிருக்கிறேன். அவுஸ்திரேலியா போன்ற நாடுகள் பட்டையோடும் பூச்சித் துளையோடும் உள்ள மரப்பொருளை உள்ளே விடா. எனவே பட்டையை விட்டுக் கடையும் நாகரிகம் நமக்கு வேண்டாம்.

2022 நெருக்கடியில் ரூபா விழுந்தபோது இறக்குமதி அன்பளிப்புச் சாமான்களின் விலை எங்கே போனது என்பது கடை வைத்திருந்த எல்லோருக்கும் நினைவிருக்கும். உள்ளூர் மரத்தில், உள்ளூர்க் கையில் ஆகும் தொழிலொன்றின் அருமை அன்று தெரிந்தது. பயிற்சிக்கும் ஆலோசனைக்கும் தேசிய அருங்கலைகள் பேரவை, கைத்தொழில் அபிவிருத்திச் சபை போன்றவை இருக்கின்றன. மரமும் இருக்கிறது. குறைந்து கொண்டே போவது கடைசல் தெரிந்த கைதான். அந்தக் கையைக் கட்டட வேலைக்குத் துரத்திவிட்டு, மரத்தை மட்டும் வைத்துக் கொண்டு நாம் என்ன செய்யப் போகிறோம்?

எங்கள் கடைசல்காரர் முழுநேரமாகத் திரும்பி வரவில்லை. கிழமைக்கு இரண்டு நாள் வருகிறார். எனது தம்பியின் மகனும் அவரது பேரனும் பக்கத்தில் நின்று பழகுகிறார்கள். திகதி குறிப்பவர் இப்போது அவர். அவர் 'காய்ந்துவிட்டது' என்று சொல்லும் வரை நான் ஓடர் எடுப்பதில்லை. வருடத்துக்கு விற்பது அந்த 150ஐ விடக் குறைவு. ஆனால் இதுவரை ஒன்றும் திரும்பி வரவில்லை.

மரக்காலை வைத்திருக்கும் சகோதரர்களே, அடுத்த மழை ஓய்ந்ததும் உக்கிய குற்றிகளைப் பேக்கரிக்கு ஏற்றுவதற்கு முன், ஒவ்வொன்றின் நுனியிலும் ஓர் அங்குலம் அரிந்து பாருங்கள். கோடு தெரிந்தால் அந்தக் குற்றியை நிழலுக்கு இழுத்துப் போட்டுவிட்டு, உங்கள் ஊரில் கடைசல் தெரிந்தவர் யாராவது மிஞ்சியிருக்கிறாரா என்று தேடிப் போங்கள். விலை பேசுவதற்கு முன்னர், இந்த மரம் காய எவ்வளவு காலம் வேண்டும் என்று அவரிடம் கேளுங்கள்.