நூல் தேரும் திறம்

பொருளியல் அளவையியலைக் கற்கப் புகும் இளைஞர் முதலில் இடறி விழுவது கணக்கில் அன்று, நூலைத் தேர்வதில்தான். கடைகளில் நூல்களுக்குப் பஞ்சமில்லை. தேர்வுக்கு முன்னாள் இரவு விழுங்கி, மறுநாள் மறந்துவிடுவதற்கென்றே அச்சிட்டுக் குவிக்கப்பெறும் விடைத் தொகுப்புகளுக்கும் குறைவில்லை. அவற்றைப் படித்தோர் வாய்பாட்டை அறிவர்; அவ்வாய்பாடு எங்கே பொய்க்கும் என்பதை அறியார்.

பொய்க்கும் இடத்தைக் காட்டும் நூலே நல்ல நூல். யூல் என்னும் பிரித்தானியப் புள்ளியியல் அறிஞர் 1926-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். 1866 முதல் 1911 வரை நடந்த திருமணங்களுள் ஆங்கிலத் திருச்சவை வழியில் நடந்தவை எத்துணைப் பங்கு என்பதையும், அவ்வாண்டுகளில் ஆயிரவர்க்கு இத்தனை பேர் என்னும் இறப்பளவையும் ஒப்பிட்டார். ஒட்டுறவு 0.95 என வந்தது! திருச்சவையில் மணம் புரிவோர் குறைந்ததனால் சாவும் குறைந்தது என்று எந்தப் பேதையேனும் கூறுவானோ? இரண்டும் காலப்போக்கில் சரிந்து வந்தன, அவ்வளவே. 1974-இல் கிரேஞ்சரும் நியூபோல்டும், ஒன்றோடொன்று எத்தொடர்புமின்றித் தற்போக்கில் அலையும் காலத்தொடர்களுக்கு இடையேயும் வழக்கமான ஆய்வுமுறை 'உறவு உண்டு' என அடிக்கடிப் பொய்ச்சான்று கூறுவதை மெய்ப்பித்தனர். நூலைக் கையிலெடுப்போர் இப் பொய்யுறவைப் பற்றிய பகுதி அதில் உண்டா என முதற்கண் புரட்டிப் பார்க்க.

பங்குச் சந்தை பற்றிய நூலாயின் இன்னொரு சோதனையும் உண்டு. விலை மாற்றங்கள் யாவும் மணிவடிவ இயல்நிலைப் பரவலில் அடங்கும் என்று சொல்லி முடித்துவிட்டால், அந்நூலை மூடிவிடுக. 1987 அக்தோபர் 19 அன்று நியூயார்க்கின் தவ் சோன்சு குறியெண் ஒரே நாளில் 22.6 விழுக்காடு வீழ்ந்தது. அப்பரவலை நம்பியிருந்தோர்க்கு அது நடக்கவே ஒண்ணாத நிகழ்ச்சி. ஏற்ற இறக்கத்தின் அளவே காலந்தோறும் மாறுவதைக் கணக்கில் அடக்கும் வழியை 1982-இல் எங்கிள் கண்டார். 2003-இல் கிரேஞ்சரோடு நோபல் பரிசையும் பகிர்ந்துகொண்டார்.

தொடக்கத்திற்குக் குசராத்தியின் நூல் (1978) ஏற்றது. அடுத்துப் பாக்சும் செங்கின்சும் எழுதியது (1970). அதிலுள்ள வானூர்திப் பயணியர் தொகை, 1949 முதல் 1960 வரை திங்கள்தோறும் எடுத்த 144 எண்கள். அவற்றைக் கையால் வரைந்து பார்த்தவர்க்குப் போக்கும் பருவ ஏற்றமும் கண்முன் நிற்கும். சே எழுதிய நிதிக் காலத்தொடர் நூல் (2002) அதன்பின் கற்கத்தக்கது. ஆமில்டனின் நூலோ (1994) ஏறத்தாழ 800 பக்கம். அணிக்கணக்கில் தேறாதார் அதனைத் தொடுதல் பயனில் முயற்சி.

இவையனைத்தும் ஆங்கில நூல்கள். ஒட்டுறவு, பரவற்படி என்னும் சொற்களோ தமிழ்ப் பள்ளிப் பாடநூல்களிலேயே உள. சொல்லைப் படைத்துப் பட்டியலிட்டதோடு கடமை முடிந்ததென அமர்ந்துவிட்ட தமிழன்பர் நம்மிடையே பலர். 1991 சூலை 1, 3 ஆகிய நாள்களில் உருவாவின் மதிப்பு குறைக்கப்பெற்றதே, அம்முறிவு ஒரு காலத்தொடரை எவ்வாறு இரண்டாக்குகிறது என்பதைத் தமிழில் எண்களோடு விளக்க நூறு பக்கம் போதும். கல்லூரிகளில் இதனை நாள்தோறும் கற்பிக்கும் தமிழர் அதனை எழுதட்டும்.