அடுத்தவருடைய டிசைன் நமக்கு முதல் இல்லை



கடையில் ஒரு கிலோ சீனியைக் காசு கொடுக்காமல் தூக்கிக்கொண்டு போனால் அதற்குப் பெயர் களவு என்று ஒன்றாம் ஆண்டுப் பிள்ளைக்கும் தெரியும். அடுத்த தெருவில் ஒரு சகோதரி செய்த கேக்கின் போட்டோவை எடுத்து, அவளுடைய பெயரை வெட்டிவிட்டு, நம்முடைய பக்கத்தில் போட்டு ஓடர் எடுத்தால் அதற்கு என்ன பெயர் என்று பெரியவர்களிடம் கேட்டுப் பாருங்கள். பதில் வர நேரமாகும். வந்தாலும் இப்படித்தான் வரும்: "பேஸ்புக்கில போட்டதுதானே சேர், போட்டா எல்லாருக்கும்தானே."

இந்த ஒரு வசனத்தைப் பற்றித்தான் எழுதப்போகிறேன். கொஞ்சம் நீளம். பொறுமையாக வாசியுங்கள்.

மருதமுனை என்றால் கைத்தறி. சாரமும் சாரியும் இந்த ஊருக்குச் சோறு போட்டவை. எனக்குத் தெரிந்த ஒரு ராத்தா, கணவர் மௌத்தான பிறகு இரண்டு தறியோடு பிள்ளைகளைப் படிப்பிக்கிறவர். சாரிக் கரைக்கான பூவேலையைக் கட்டக் கொப்பியில் பென்சிலால் ஒவ்வொரு கட்டமாக நிரப்பித்தான் வரைவார். ஒரு கரை சரியாக வர பத்து நாளும் போகும், ஒரு மாதமும் போகும். நூல் நிறம் பொருந்தாவிட்டால் நெய்ததைப் பிரித்துவிட்டுத் திரும்பத் தொடங்குவார். அந்த நாட்களுக்கு யாரும் கூலி கொடுப்பதில்லை. சாரி விற்றால்தான் அந்த உழைப்புக்குக் காசு.

நோன்புப் பெருநாளுக்கு முன்பு ஐந்து சாரிகளின் போட்டோவைப் போட்டார். ஒரு கிழமைக்குள் வேறு ஊர்ப் பக்கமொன்றில் அதே ஐந்து போட்டோவும் வந்தன, மூலையில் இருந்த பெயர் மட்டும் இல்லை. விலை ஏறத்தாழ அரைவாசி. அனுப்பியது விசைத்தறியில் அடித்த, அதே மாதிரிக் கரை போட்ட துணி. ஓடர் போனதுகூட அவருக்குப் பெரிய கவலை இல்லை. பெருநாள் முடிந்ததும் இரண்டு பேர் அவருக்கே கோல் எடுத்து, "உங்கட சாரி முதல் கழுவலிலேயே சாயம் போகுது" என்று ஏசியிருக்கிறார்கள். அவர் விற்காத சாரிக்கு அவர் ஏச்சு வாங்கினார். களவு போனது போட்டோவோடு நிற்கவில்லை, இருபது வருடமாகச் சேர்த்த நல்ல பெயரும் சேர்ந்தே போனது.

இதைச் சொன்னால் சிலர் உடனே, "கட்டம் போட்ட சாரம் யாருக்கும் சொந்தமா? வட்டிலப்பம் ஒரு ஆளுக்குத்தான் சொந்தமா?" என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. சொந்தமில்லை. நம் வாப்பா, மூத்தாப்பா காலத்திலிருந்து வருகிற கட்டமும் கோடும் ஊருக்குப் பொது. வட்டிலப்பம் செய்யும் முறையும் அப்படித்தான். பதிப்புரிமைச் சட்டம் யோசனையையும் செய்முறையையும் யாருக்கும் எழுதிக்கொடுப்பதில்லை. நீங்களும் அபாயா தைத்து விற்கலாம், நீங்களும் கேக் அடிக்கலாம், பக்கத்துக் கடைக்குப் போட்டியாக விலையையும் குறைக்கலாம். அது வியாபாரம். ஆனால் அந்த ராத்தா தன் கையால் வரைந்த அந்தக் குறிப்பிட்ட பூவேலை, அவர் எடுத்த அந்தப் போட்டோ, பெக்கட்டில் ஒட்டுவதற்கு வரைந்த லேபல், அவர் எழுதிய விளம்பர வசனம், இவை அவருடையவை. யோசனை பொது, அதைத் தன் கையால் ஆக்கிய வடிவம் அவருக்குரியது. நம்மில் பலர் இந்த இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்கிறோம். சிலர் தெரிந்துகொண்டே குழப்புகிறார்கள்.

நம் நாட்டில் இதற்கு 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்க புலமைச் சொத்துச் சட்டம் இருக்கிறது. பெரிய கம்பனிக்காரருக்கு மட்டும் என்று நினைக்க வேண்டாம். போட்டோ, வரைபடம், எழுத்து எல்லாம் ஆக்கிய அந்த நிமிடத்திலிருந்தே ஆக்கியவருக்குப் பாதுகாக்கப்பட்டவை. எங்கும் பதிய வேண்டியதில்லை. பொதுவாக ஆக்கியவரின் ஆயுட்காலமும் அதற்குப் பிறகு 70 வருடமும் அந்த உரிமை இருக்கும். துணி, பாத்திரம் போன்ற பாவனைப் பொருட்களில் வரும் கலை வேலைக்கு, ஆக்கியதிலிருந்து 25 வருடம். ஆகவே "பதிப்புரிமை பதிந்து தருகிறேன்" என்று யாராவது காசு கேட்டால் கொடுக்காதீர்கள், அப்படி ஒரு பதிவு இங்கே இல்லை. பதிய வேண்டியவை வேறு. கடையின் பெயரையும் சின்னத்தையும் வியாபாரக் குறியாகப் பதியலாம், 10 வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்கலாம். புது வடிவமைப்பைக் கைத்தொழில் வடிவமைப்பாகப் பதிந்தால் 5 வருடம், இரண்டு முறை புதுப்பித்தால் மொத்தம் 15 வருடம். இரண்டுக்கும் கொழும்பிலுள்ள தேசிய புலமைச் சொத்து அலுவலகம்தான்.

வேண்டுமென்றே பதிப்புரிமையை மீறினால் நீதவான் 5 இலட்சம் ரூபா வரை தண்டப்பணமோ ஆறு மாதம் வரை சிறையோ இரண்டுமோ விதிக்கலாம். வாசிக்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் நட்டஈடு கேட்பதென்றால் கொழும்பு வர்த்தக மேல் நீதிமன்றம். இரண்டு தறி வைத்திருக்கும் ஒரு விதவை, நாலாயிரம் ரூபா சாரிக்காக இரவு பஸ் ஏறி, சட்டத்தரணிக்குக் காசு கட்டி, தவணை தவணையாக அலைவாரா? என் கோபம் இதில்தான். உரிமை ஊரில் பிறக்கிறது, அதைக் கேட்கிற இடம் கொழும்பில் இருக்கிறது. மாவட்ட மட்டத்தில் சிறு வியாபாரிகள் போய்ப் பேசக்கூடிய ஒரு ஏற்பாட்டை நம் பிரதிநிதிகள் கேட்க வேண்டும். மேடையில் கைத்தறி கைத்தறி என்று பேசுகிறவர்கள் இதைக் கேட்டு நான் காணவில்லை.

அது வரும்வரை ஊர்தான் செய்ய வேண்டும். மார்க்கம் தெரிந்த ஊர் என்று நம்மைச் சொல்லிக்கொள்கிறோம். 1988 டிசம்பரில் குவைத்தில் கூடிய சர்வதேச இஸ்லாமிய பிக்ஹ் அகடமி, வியாபாரப் பெயர், வியாபாரக் குறி, எழுத்தாக்கம், கண்டுபிடிப்பு ஆகியவற்றின் உரிமைகள் ஷரீஆவில் மதிக்கப்படுபவை, அவற்றில் அத்துமீறுவது கூடாது என்று தீர்மானித்திருக்கிறது. ஆக, இது வெள்ளைக்காரன் கொண்டுவந்த சட்டம், நமக்கு ஹலால் ஹராம் பிரச்சினை இல்லை என்று சொல்ல இடமில்லை. அடுத்தவரின் ஹக், அவ்வளவுதான். நம் ஹஸ்ரத்மார் ஒரு ஜும்ஆவில் இதைப் பேசினால், நீதிமன்றம் வருடக்கணக்கில் செய்யாததை அரை மணித்தியாலம் செய்யும்.

எங்கள் ஆசிரியர் கூட்டத்தையும் விடமுடியாது. ஒரு இளம் ஆசிரியர் நகை அடகு வைத்து மாதிரி வினாத்தாள் புத்தகம் அடிக்கிறார். ஒரு பிள்ளை ஒன்று வாங்குகிறது, அடுத்த நாள் வகுப்பு முழுக்க போட்டோகொப்பி. கொப்பி எடுத்துவரச் சொன்னது யார் என்று கேட்டால் இன்னொரு ஆசிரியர்! வகுப்பில் விளக்குவதற்காக ஒரு சிறு பகுதியைப் பாவிக்கச் சட்டம் இடம் தருகிறது. முழுப் புத்தகத்தையும் கட்டி விற்க எந்த இடமும் தரவில்லை. ஏழைப் பிள்ளைக்கு வாங்க முடியாதென்றால் எழுதியவரிடமே கேளுங்கள். ஐந்து பிரதி சும்மா தரமாட்டேன் என்று சொல்லும் ஆசிரியரை நான் இன்னும் சந்திக்கவில்லை.

வீட்டிலிருந்து தொழில் செய்யும் தங்கச்சிமாருக்கு: எடுத்த போட்டோவின் மூலத்தை போனில் அழிக்காமல் வையுங்கள், அதில் திகதி இருக்கும். டிசைன் கொப்பியில் ஒவ்வொரு பக்கத்திலும் திகதி போட்டு ஒப்பம் வையுங்கள். லேபல் வரைந்து தருபவரிடம் அது இனி யாருக்குச் சொந்தம் என்று ஒரு வரியில் எழுதி வாங்குங்கள். பெயரை மூலையில் போடாமல் துணியின் நடுவில் மங்கலாகப் போடுங்கள், வெட்டுவது கஷ்டம். யாராவது எடுத்துவிட்டால் கொமென்டில் போய்ச் சண்டை பிடிக்க வேண்டாம். முதலில் ஸ்கிரீன்ஷொட் எடுங்கள், பிறகு இன்பொக்ஸில் மரியாதையாகக் கேளுங்கள். கேட்காவிட்டால் பேஸ்புக்கிலேயே பதிப்புரிமை முறைப்பாட்டுப் படிவம் இருக்கிறது, காசு இல்லை. ராத்தாவின் ஐந்து போட்டோவையும் அப்படித்தான் எடுக்க வைத்தோம். விசைத்தறித் துணியை நிறுத்த முடியவில்லை, அது வேறு கதை.

அந்தப் படிவத்தில் உங்கள் பெயர், உங்கள் மூல போட்டோ, களவு போன பதிவின் லிங்க் மூன்றும் கேட்பார்கள். நிரப்பத் தெரியாதவர்கள் போனை எடுத்துக்கொண்டு வாருங்கள். வெள்ளி தவிர மற்ற நாட்களில் அஸருக்குப் பிறகு நான் வீட்டில்தான் இருப்பேன்.