சுண்ணாம்பு அடித்தால் சுவர் காய்ந்துவிடுமா?



"வாசனையைப் பற்றி எழுதப் போறேன்" என்றதும் மலர்க்குழு நண்பன் சிரித்தான். "இன்னாடா, காதல் கவிதையா?" இல்லை நண்பா, இது வேறு வாசனை. பூட்டிக் கிடந்த ரூமைத் திறந்ததும் ஈரத்துணி மக்கிப் போன மாதிரி மூக்கில் ஏறுமே, அந்த வாடை!

2024 நவம்பர் 30 இரவு புதுச்சேரி அருகே கரையைக் கடந்த ஃபெஞ்சல் புயலை நம்மில் யார் மறக்க முடியும்? ஒரே நாளில் மயிலத்தில் சுமார் 50 செ.மீ., திண்டிவனத்தில் சுமார் 37 செ.மீ. மழை! டிசம்பர் 2 அதிகாலை சாத்தனூர் அணையிலிருந்து விநாடிக்கு சுமார் 1.68 லட்சம் கன அடி தண்ணீர் திறக்கப்பட்டு, தென்பெண்ணைக் கரை ஊர்களெல்லாம் மூழ்கின. தண்ணீர் வடிந்ததும் "அப்பாடா" என்று வீடு திரும்பினோம். ஆனால் தண்ணீர் தரையை விட்டுத்தான் போனது. சுவரை விட்டுப் போகவில்லை.

திண்டிவனத்தில் நாங்கள் மூன்று பேர் தங்கியிருந்த வாடகை ரூமில் பொங்கலுக்குள் சுவரின் அடியில் இரண்டடி உயரத்துக்குக் கருப்புப் புள்ளிகள் பூத்துவிட்டன. எங்களில் ஒருவனுக்கு நடுராத்திரியில் இழுப்பு. சனி, ஞாயிறு விழுப்புரம் போனால் நன்றாக இருப்பான். திங்கள் ராத்திரி மறுபடியும் வீசிங்! அந்த செமஸ்டரில் அவனுடைய அட்டெண்டன்ஸ் பாதாளத்துக்குப் போனது.

வீட்டுக்காரரிடம் சொன்னோம். "அதொண்ணும் இல்ல தம்பி, சுண்ணாம்பு அடிச்சா போயிடும்" என்றார். அடித்தும் கொடுத்தார். அடுத்த மாதமே வெள்ளைக்கு மேல் கருப்பு எட்டிப் பார்த்தது. சுண்ணாம்பின் காரத்தன்மை பூஞ்சையைக் கொஞ்ச நாள் தடுக்கும், உண்மைதான். ஆனால் ஈரம் வந்துகொண்டே இருந்தால் சுண்ணாம்பு என்ன செய்யும், பாவம்!

இன்னொரு நண்பன், "ஆன்லைன்ல டெஸ்ட் கிட் வாங்கி என்ன பூஞ்சைன்னு பார்த்துடலாம்டா" என்றான். இங்குதான் நான் மாறுபடுகிறேன். உலக சுகாதார நிறுவனம் 2009-இல் வெளியிட்ட வழிகாட்டியே, காற்றில் இத்தனை பூஞ்சை வரை இருக்கலாம் என்று ஓர் அளவை நிர்ணயிக்கவில்லை. ஈரத்தைத் தடுப்பதே வழி என்கிறது. கண்ணுக்குத் தெரிந்தாலோ மூக்குக்கு எட்டினாலோ, அதன் பெயர் தெரியாமலே அகற்றலாம். கருப்பாக இருப்பதெல்லாம் 2021-இல் கொரோனா நோயாளிகளைத் தாக்கிய 'கருப்புப் பூஞ்சை'யும் அல்ல. நிறத்தை வைத்து வகையைச் சொல்லிவிட முடியாது.

அப்படியானால் சோதனையே வேண்டாமா? வேண்டும்! சோதிக்க வேண்டியது ஈரம் வரும் வழியை. அதற்குப் பாலிடெக்னிக் மாணவன் போதும்.

முதலில், அது பூஞ்சைதானா என்று பாருங்கள். வெள்ளையாகப் பொடிந்து உதிர்ந்து, தண்ணீர் பட்டதும் கரைந்தால் அது உப்புப் பூத்தது. கருப்புப் புள்ளியில் பிளீச்சிங் கரைசல் ஒரு சொட்டு வையுங்கள். ஓரிரு நிமிடத்தில் வெளுத்தால் பெரும்பாலும் பூஞ்சை. வெளுக்காவிட்டால் வெறும் அழுக்காக இருக்கலாம்.

அடுத்து, ஒன்றரை அடி சதுர பாலிதீன் தாளைச் சுவரில் வைத்து நாலு பக்கமும் டேப் ஒட்டி, ஒருநாள், இரண்டு நாள் விடுங்கள். தாளுக்கும் சுவருக்கும் நடுவில் நீர் கோத்தால் ஈரம் சுவருக்குள்ளிருந்து வருகிறது. தாளின் வெளிப்புறம் வேர்த்தால் அறைக் காற்றில்தான் ஈரம். ஜன்னலைத் திறங்கள், பீரோவைச் சுவரிலிருந்து நகர்த்துங்கள்.

பிறகு இடத்தைப் பாருங்கள். அடிச்சுவரில் கறை என்றால் ஓதம் ஏறுகிறது. அஸ்திவாரத்துக்கு மேல் டி.பி.சி. போடவில்லை, அல்லது போட்டது கெட்டுவிட்டது. மேல்தளத்தில் என்றால் மொட்டை மாடித் தளவரிசையில் விரிசல். பாத்ரூம் சுவரை ஒட்டி என்றால் குழாயைச் சந்தேகப்படுங்கள்.

எங்கள் ரூமில் தாளுக்குப் பின்னால் முத்து முத்தாக நீர். வீட்டுக்காரரைக் கூட்டிவந்து காட்டினோம். "இன்னாப்பா இது, சுவரே வேர்க்குது!" என்று அசந்துபோனார். வெளியே தோண்டிப் பார்த்தால், வெள்ளத்தில் மண் இறங்கி கழிவுநீர்க் குழாய் ஜாயின்ட் விட்டிருந்தது. அதைச் சரிசெய்து, பழைய பூச்சைக் கொத்தி எடுத்து, சுவரை நன்றாகக் காயவிட்டுப் பூசினார். நண்பன் பனிக்காலத்தில் இன்னமும் இன்ஹேலர் வைத்திருக்கிறான். ஆனால் ராத்திரி தூங்குகிறான்.

இதெல்லாம் பெரிய விஷயமா என்று கேட்பவர்களுக்கு: இங்கிலாந்தின் ராச்டேல் நகரில் 2020 டிசம்பரில் அவாப் இஷாக் என்ற இரண்டு வயதுக் குழந்தை இறந்தது. வீட்டில் நெடுநாள் இருந்த பூஞ்சையே காரணம் என்று 2022-இல் மரண விசாரணை முடிவு சொன்னது. பெற்றோர் புகார் செய்தபோது கிடைத்த பதில் என்ன தெரியுமா? "மேலே பெயின்ட் அடியுங்கள்" என்பதுதான்! 2023-இல் அந்தக் குழந்தையின் பெயராலேயே அங்கே சட்டம் வந்தது.

நம்மிடமும் சட்டம் இருக்கிறது. 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டின் வாடகைச் சட்டப்படி, குடியிருப்பவர் சேதப்படுத்தியதைத் தவிர கட்டடத்தின் கட்டமைப்புப் பழுது, வெள்ளையடிப்பது, தேவைப்படும்போது குழாய் மாற்றுவது எல்லாம் வீட்டு உரிமையாளர் பொறுப்பு. சண்டை போடச் சொல்லவில்லை. பாலிதீன் தாளைக் காட்டிப் பேசுங்கள் என்கிறேன்.

ஓர் எச்சரிக்கை. துடைக்கும்போது மூக்கு வாயைக் கட்டிக்கொள்ளுங்கள், ஜன்னலைத் திறந்து வையுங்கள். காய்ந்த பூஞ்சையைத் துடைப்பத்தால் தட்டாதீர்கள். சோப்புத் தண்ணீரில் நனைத்துத் துடையுங்கள். பிளீச்சிங் பவுடரோடு ஆசிட் கலக்கவே கலக்காதீர்கள். வருவது குளோரின் விஷவாயு! வீசிங் உள்ளவர் இந்த வேலைக்கே வரவேண்டாம், டாக்டரைப் பார்க்கட்டும்.

நண்பர்களே! நம் பேரவைக்கு ஒரு வேண்டுகோள். ஒவ்வொரு மழைக்காலம் முடிந்ததும் ஆளுக்கு ஐந்து வீடு எடுத்துக்கொள்வோம். சிவில் மாணவன் சுவரைப் பார்க்கட்டும், மெக்கானிக்கல் மாணவன் குழாயைப் பார்க்கட்டும். ஈரச்சுவரில் வயரிங் ஆபத்து. அதை டிரிபிள் ஈ மாணவன் பார்க்கட்டும். தேவை ஒரு பாலிதீன் தாள், ஒரு டேப், ஒரு மூக்கு. டி.பி.சி. என்றால் என்ன என்று பரீட்சையில் எழுதி மார்க் வாங்கிவிட்டோம். நம் தெருவில் இருமிக்கொண்டிருக்கும் ஆயாவுக்கு அந்தப் பாடம் எப்போது பயன்படப் போகிறது?

- இறுதியாண்டு சிவில் மாணவன்